ஏரி பார்க்கும் படலம்

ஒரு முக்குளிப்பானை என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து நான் வீசினேன். அது பக்கத்துக் காலி மனையில் விழுந்தது. நான் படியிறங்கி ஓடுவதற்குள் ஒரு தெருநாய் அதைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. அன்று சாயங்காலம், பறவையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்த அம்மாள் வந்து கேட்டபோது, அது தானாகவே பறந்து ஏரிக்குப் போய்விட்டது என்று சொன்னேன். சொன்னது போதாதென்று, போகும்முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியது என்றும் சேர்த்தேன்.

அந்தச் சுற்றுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அந்த அம்மாளுக்குத் தொழில் கல்யாணத் தரகு. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் அவர் கால்படாத தெரு இல்லை. பருத்திப்பட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். என் மகனுக்கு வரன் பார்க்க வந்தவர். மகன் தன் வரனைத் தானே பார்த்துக்கொண்டான். அதற்காக அவர் முகம் கோணவில்லை. "அந்தப் பொண்ணக் கேட்டுத்தானே கட்டிகினான்? அப்பால இன்னா?" என்றார். வரன் பார்ப்பது நின்றதே தவிர வருவது நிற்கவில்லை. என்னை அண்ணாத்தே என்பார், என் மனைவியை அண்ணி என்பார்.

தரகர்களில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். பெண் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கேசரியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லுவார்: "மாப்ள தங்கமான பையன். ஆனா குறட்டை உடுவான். பக்கத்து ஊட்டுக்காரன் எழுந்து வந்து கதவத் தட்டுவான். இப்பவே சொல்லிட்டேன்." பெண்ணைப் பற்றியும் அப்படித்தான். கோபக்காரி, ஆனால் கோபம் சீக்கிரம் இறங்கிவிடும், சமையல் சுமார், படிப்பில் ஒரு பேப்பர் பாக்கி. இப்படிச் சொன்னால் எத்தனை சம்பந்தம் முடியும்? அவர் கொண்டுவந்த இடங்களில் பெரும்பாலானவை கேசரியோடு முடிந்தன. முடிந்து கல்யாணமானவர்கள் யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

அவர் ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் ஒரு பெரிய ஒயர் கூடை இருக்கும். அதில் ஜாதக நகல்கள். மழைக்காலத்தில் அதே கூடையில், அதே ஜாதகங்கள் மேல், ஒரு நீர்ப்பறவையும் இருக்கும். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டில் ஜாதகக் கட்டத்தைப் பிரித்தபோது ஏழாம் இடத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. இது என்ன தோஷம் என்று அந்த வீட்டுப் பெரியவர் கவலையோடு கேட்டாராம். "தோஷமில்ல, அது வக்கா போட்டது" என்று இவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்.

பறவை எங்கிருந்து வருகிறது என்றால், எங்கள் பக்கத்தில் மழை விட்டால் நடக்கிற ஒரு கூத்திலிருந்து. கிடங்கு முற்றம், தொழிற்சாலை வாசல், புதிதாகப் போட்ட சிமெண்டுச் சாலை எல்லாம் ஈரத்தில் மின்னும்போது மேலேயிருந்து பார்க்கிற பறவைக்கு ஏரியாகத் தெரிகிறது போலிருக்கிறது. முக்குளிப்பான் அதை நம்பி இறங்கிவிடும். கைக்குள் அடங்குகிற, வால் என்று ஒன்று இல்லாத சின்னப் பறவை. கால்கள் உடம்பின் கடைக்கோடியில் இருப்பதால் நீந்த வரும், முங்க வரும், நடக்க வராது. எழும்ப வேண்டுமானால் தண்ணீர் மேல் கொஞ்ச தூரம் அடித்துக்கொண்டு ஓட வேண்டும். தரையில் இறங்கியது தரையிலேயே கிடக்கும். வாட்ச்மேன்கள் அந்த அம்மாளுக்குப் போன் செய்வார்கள். அவர் கூடையோடு போவார்.

எடுத்து வருவது எவரும் செய்யக்கூடியது. விடுவதில்தான் அவர் யாரைப்போலவும் இல்லை. பறவையைக் கண்ட தண்ணீரில் விட மாட்டார். ஏரியை அதற்குக் காட்டுவார். பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் கூடையை மூடி அடுத்த ஏரிக்குக் கிளம்பிவிடுவார்.

ஒருமுறை ஒரு வக்காவுக்கு ஏரி பார்க்க நானும் கூடப் போனேன். சிவப்புக் கண்ணோடு கூனிக்கொண்டு நிற்கும் அந்த இராக்கொக்கு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மரத்திலிருந்து விழுந்து, அவர் வீட்டுக் குளியலறையில் தங்கித் தேறியிருந்தது. முதலில் பருத்திப்பட்டு ஏரிக்கரை. கூடையைத் தண்ணீர்ப் பக்கமாகச் சாய்த்து வைத்தார். வக்கா வெளியே வந்து, காலைநடை போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றது. "ஆளு தொல்ல ஜாஸ்தின்னு நெனைக்குது" என்று எடுத்துக் கூடையில் போட்டார். அம்பத்தூர் ஏரியில் அது கண்ணை மூடிக்கொண்டது. "மூஞ்சியத் திருப்பிகிச்சு பாத்தியா?" வெள்ளானூரில் இறங்கிய உடனே நாலு எட்டு வைத்து ஒரு மீனைப் பிடித்து விழுங்கிவிட்டது. அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பறவைக்குத் தண்ணீர் தண்ணீர்தானே என்று திரும்பும் வழியில் சொல்லிவிட்டேன்.

"பொம்பள பொம்பளதானேன்னு எவளையாவது புட்ச்சி உனுக்குக் கட்டி வச்சிருந்தா ஒத்துகினு இருந்திருப்பியா அண்ணாத்தே?"

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி வெகுநேரம் சிரித்தாள். ஏன் இந்தப் பிடிவாதம் என்று பிறகு ஒரு நாள் அவள்தான் அவரிடம் கேட்டாள். அதற்கு அவர், தம்மையும் தம் தங்கையையும் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றார். ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில், இரண்டு பேரையும் உட்கார வைத்துத் தாலி கட்டி அனுப்பிவிட்டார்களாம். வாழ்க்கை மோசமில்லை, ஆனால் கேட்டிருக்கலாம் என்றார்.

இனி என் கதை. அந்த நாள் அவருக்குப் பூந்தமல்லியில் ஒரு நிச்சயதார்த்தம். காலையில் கிடைத்த முக்குளிப்பானை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து எங்கள் வீட்டில் விட்டார். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன், அதுவரை நிழலில் வை, யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டம் இருந்தது. நான்தான் தலைவர். பறவை பெட்டியைக் கொத்திக்கொண்டே இருந்தது. மீன் நாற்றம் கூடத்தை நிரப்பியது. மனைவி மூக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் அரசுக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். விழும் பொருள்களைப் பற்றி ஓர் ஆயுள் முழுக்கக் கரும்பலகையில் எழுதியவன். தண்ணீரில் ஓடுவது வேகத்துக்காகத்தானே, உயரத்திலிருந்து விட்டால் அந்த வேகம் தானாகக் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். மாடிக்கு எடுத்துப் போய், கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கி வீசினேன். கணக்கு சரி. பறவை களைத்திருந்தது கணக்கில் வரவில்லை.

வேண்டுமென்று கொல்லவில்லை, அதனால் அதை மன்னித்துவிடலாம். பொய்யை மன்னிக்க முடியாது. அதைக் கூட்டம் முடிந்து வரும் வழியில் நிதானமாக யோசித்துத் தயார் செய்தேன்.

அந்த அம்மாள் நாற்காலி நுனிக்கு வந்து கேட்டார். "தானா போச்சா? நீ தொடல?"

"தொடவில்லை. மாடியில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன். ஜன்னலிலிருந்து பார்த்தேன்."

"சுத்துச்சா? மெய்யாலுமே சுத்துச்சா?"

எப்பேர்ப்பட்ட குடும்பம் மறைக்கிற சங்கதியையும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மோப்பம் பிடிக்கிற அம்மாள், என்னை நம்பிவிட்டார். படித்தவன் என்பதால் நம்பினாரா, அண்ணாத்தே என்பதால் நம்பினாரா, தெரியாது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தார். இத்தனை வருடமாகத் தாம் செய்தது தவறு என்றார். "நான் பக்கத்துலயே குந்திகினு மூஞ்சியப் பாத்துகினு இருந்தா எந்தப் பொண்ணு வாயத் தொறக்கும்? அதான் ஏரி ஏரியா அலைய உட்டுச்சுங்க. உன் மாடியில தனியா உட்ட, அது பாட்டுக்கு சொல்லிகினு போச்சு." அதனால் இனிமேல் எல்லாப் பறவைகளையும் என் மாடியில் வைத்து விடுவது என்று முடிவு செய்திருந்தார். ராசியான மாடி என்றார்.

அடுத்த மழைக்கே ஒரு முக்குளிப்பானோடு வந்துவிட்டார். நான் கூடையை மாடியில் வைத்துவிட்டு இறங்குவதாக நடித்தேன். அவர் கூடத்தில் காப்பியோடு உட்கார்ந்தார். பறவை மாடியில் வயிற்றை இழுத்துக்கொண்டு ஓர் அடி நகர்ந்து, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துவிட்டது. அது போகாது. போகவில்லை என்றால் முதல் பறவை எப்படிப் போனது என்ற கேள்வி வரும்.

நான் அதைப் பிடித்து ஒரு துணிக்கடைக் கட்டைப்பையில் போட்டு, மேலே செய்தித்தாளை மூடி, பின்பக்க இரும்புப் படியில் இறங்கி, சந்து வழியாக ஏரிக்குப் போய், கரையில் மண்டியிட்டு விட்டுவிட்டு, அதே வழியில் திரும்பி, மாடியேறி, உள்படியில் கம்பீரமாக இறங்கி வந்து, "போயிடுச்சும்மா" என்றேன்.

"சுத்துச்சா?"

"சுத்துச்சு."

இப்படி ஒரு மழைக்காலமல்ல, பல மழைக்காலங்கள் போயின. ஒரு பறவையைக் கொன்றவன் அதை மறைப்பதற்காக எத்தனை பறவைகளைக் காப்பாற்றினான் என்று யாராவது கேட்டால் எனக்கே சிரிப்பு வரும். மனைவிக்கு உண்மை தெரியும். நாயை அவளும் பார்த்திருந்தாள். பொய் சொன்னது நீங்கள், தூக்கிக்கொண்டு நடப்பதும் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டாள். ஆனால் நான் திரும்பி வரும்வரை அந்த அம்மாளை எழவிடாமல் வைத்திருக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. அதற்கு அவள் கண்ட வழி வாழைக்காய் பஜ்ஜி. ஒவ்வொரு பறவைக்கும் ஒரு வாணலி எண்ணெய் காய்ந்தது. எனக்குக் கொழுப்பு கூடியிருப்பதாக ஒரு வருடம் டாக்டர் சொன்னார்.

ஒருநாள் என் வேட்டிக் கரை நனைந்திருப்பதை அந்த அம்மாள் பார்த்துவிட்டார். மாடித் தொட்டி வழிகிறது என்றேன். மறுநாள் காலையில் ஒரு பிளம்பரோடு வந்து நின்றார். எங்கள் தொட்டியில் எந்தக் கோளாறும் இல்லை. பிளம்பர் நன்றாக இருந்த ஃப்ளோட் வால்வைக் கழற்றி, வேறொன்றைப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த மழையிலும் வேட்டி நனைந்தது. அந்த அம்மாள் பிளம்பருக்குப் போன் செய்து, வேலை தெரியாதவன் என்று என் எதிரிலேயே திட்டினார். நான் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூழைக்கடாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. தூண்டில் நரம்பில் சிறகு சிக்கிக் கிடந்ததை எடுத்துப் போய் வீட்டில் வைத்துத் தேற்றியிருந்தார். அது ஸ்கூட்டியில் அடங்கவில்லை. ஷேர் ஆட்டோவில் துண்டால் சுற்றி, நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார். பக்கத்தில் உட்கார்ந்தவர் வழியெல்லாம் அதன் அலகைக் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, இறங்கும்போது, இன்னும் கொஞ்ச தூரம் வேண்டுமானால் வருகிறேன் என்றாராம். ஓர் ஆடளவு இருந்த பறவையை மாடியில் வைத்துவிட்டு நான் கட்டைப்பையைப் பார்த்தேன். பறவையைப் பார்த்தேன். பறவையும் பையைப் பார்த்தது. பிறகு மெதுவாக நடந்துபோய், கைப்பிடிச் சுவரில் ஏறி, இரண்டு முறை சிறகை விரித்து மடக்கி, பறந்துவிட்டது. எதிர்வீட்டுத் தென்னையைத் தாண்டி, பெரியதாக ஒரு வட்டமடித்து, ஏரிப் பக்கம் போயிற்று.

நான் மாடியில் தனியாக நின்றேன். கீழே போய், "போயிடுச்சும்மா. சுத்துச்சு" என்றேன். எல்லாப் பொய்களையும் சொன்ன அதே குரலில் அந்த ஒரே நிஜமும் வந்தது. எப்போதும்போல அவர் சந்தோஷப்பட்டார். அன்றைக்கு எனக்குப் பஜ்ஜி இறங்கவில்லை.

இதற்கிடையில் அந்த முதல் முக்குளிப்பான் ஊரெல்லாம் போயிருந்தது. பெண் பார்க்கப் போகிற வீடுகளில், தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அவர் அதைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அம்மாம் சின்னப் பறவை, யாரும் தள்ளாமல், ஒரு சுற்றுச் சுற்றிச் சொல்லிவிட்டுப் போயிற்று. உனக்கு வாய் இருக்கிறதே, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். வாழ்நாளில் பொய்யே சொல்லாத அம்மாள், என் பொய்யைக் கூடையில் வைத்துக்கொண்டு வீடுவீடாகப் போய்க்கொண்டிருந்தார்.

வெள்ளானூரில் அவருடைய தங்கை இருந்தார். அக்காளைப் பார்த்து அவரும் பறவை எடுக்கத் தொடங்கியிருந்தார். ஒரு மழைக்குப் பிறகு, அங்கே புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே போட்ட சாலையில் ஒரு முக்குளிப்பான் கிடைத்தது. அக்காள் சொல்லிக்கொடுத்தபடியே மாடியில் வைத்துவிட்டு, எட்டிப் பார்க்காமல் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறார். வீடு பாதி கட்டின வீடு, மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. பறவை நகர்ந்து நகர்ந்து விளிம்பிலிருந்து விழுந்து செத்துப்போயிற்று. தங்கை அழுதுகொண்டே போன் செய்து நடந்ததை நடந்தபடி சொன்னார்.

அக்காள் நம்பவில்லை.

எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்துதான் அதைச் சொன்னார். "அவளுக்குப் பொறும கிடையாது. தள்ளி உட்டுட்டு, தானா உழுந்துச்சுங்கறா. அண்ணாத்தே மாடியில போவுது, உன் மாடியில போவாதான்னேன். கூடப் பொறந்தவ இப்டி வாய் கூசாம பொய் சொல்றா அண்ணாத்தே." பேச்சு வார்த்தை நின்றுவிட்டது என்றார். தங்கை கொலைகாரி என்று உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியாயிற்று என்றார்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. தங்கை வீட்டில் காதுகுத்து நடந்தது, அக்காள் போகவில்லை. பொங்கல் வந்து போயிற்று. அக்காளுக்குத் தங்கை கொடுத்தனுப்பிய கரும்பு திரும்பிப் போனது. அதன் பிறகுதான், இனியும் சொல்லாமல் இருந்தால் உங்களோடு பேசவே மாட்டேன் என்று மனைவி சொன்ன பிறகுதான், சொன்னேன். அந்த அம்மாளை மாடிக்கு அழைத்துப் போய், வீசிய இடத்தைக் காட்டி, விழுந்த இடத்தைக் காட்டி, நாயையும் சொன்னேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் காலி மனையைப் பார்த்தார்.

"சுத்தல?"

"சுத்தல."

"மத்ததெல்லாம்?"

"பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் ஏரியில் விட்டேன்."

"தொட்டி வழிஞ்சது?"

"வழியலம்மா. அது ஏரித் தண்ணீர்."

"அந்தப் பிளம்பரப் போட்டு அந்தத் திட்டு திட்னேனே, பாவி." கொஞ்சம் கழித்து, "கூழைக்கடா?"

"அது மட்டும் நிஜமாகவே பறந்தது. சுற்றவும் செய்தது."

"அத்த நான் எப்டி நம்பறது?" என்றார்.

அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "கெளம்பு. நான் போய் சொன்ன எடத்துலல்லாம் நீயே வந்து சொல்லு. எம் வாயால ஒரு பொய் போயிகீது. அத்த அப்டியே உட முடியாது."

இந்த வயதில் ஒரு ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து ஆவடியையும் பூந்தமல்லியையும் சுற்றினேன். முதலில் பிளம்பர் கடை. உங்கள் வால்வில் குற்றமில்லை என்றேன். தெரியும் சார், எங்கள் கடை வால்வு அப்படியெல்லாம் போகாது என்றார் அவர். பிறகு வீடுகள். எனக்கு மனப்பாடமாகிவிட்ட வாக்கியங்கள்: நீங்கள் கேட்ட பறவைக் கதை பொய், அந்தப் பறவை பறக்கவில்லை, செத்துவிட்டது, குற்றம் என்னுடையது. பாதி வீடுகளில் என்ன பறவை என்று கேட்டார்கள். சில இடங்களில் ஞாபகமில்லாமலே பரவாயில்லை என்று சொல்லி வடை கொடுத்தார்கள். திருமழிசையில் ஒரு வீட்டில் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, அந்த அம்மாளை உள்ளே கூப்பிட்டு, மாப்பிள்ளை இவரா, பெரியவருக்கு முதல் சம்சாரம் தவறி எவ்வளவு நாளாயிற்று என்று விசாரித்தார்கள்.

குத்தம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு மட்டும் அந்த அம்மாள் பயந்துகொண்டே போனார். அந்த வீட்டுப் பெண் பறவைக் கதையைக் கேட்ட அன்றே, வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் அவளுடைய அப்பா எழுந்து நின்றார்.

"அப்ப அந்தப் பறவ பறக்கலன்னா, எம் பொண்ணு வேணான்னது செல்லாது. அந்தப் பையன் இன்னும் சும்மாதான கீறான்?"

"அவனுக்கு ரெண்டு புள்ள கீதுபா" என்றார் அந்த அம்மாள்.

தொழிற்சாலையிலிருந்து சீருடையோடு அப்போதுதான் வந்த பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குப் பறவல்லாம் ஞாபகமே இல்ல ஆன்ட்டி. அந்த ஆளு வந்ததுலேந்து அவரு பைக்கப் பத்தியே பேசிகினு இருந்தாரு. அதான் வேணான்னேன்" என்று உள்ளே போய்விட்டாள். வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பும் முன் அந்த அம்மாள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

கடைசியாக வெள்ளானூர். தங்கை வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அக்காளைப் பார்த்தும் எழவில்லை. நான் என் வாக்கியங்களைச் சொன்னேன். மற்ற வீடுகளில் தடங்கலில்லாமல் வந்தவை இங்கே வரவில்லை. எப்படியோ முடித்தேன்.

"உங்கள நான் இன்னா சார் கேக்கப்போறேன்?" என்றார் அவர். பிறகு அக்காளைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற?"

"உன்ன நம்பல நானு" என்றார் அக்காள்.

"அவர நம்பன."

"நம்பனேன்."

"நாம ரெண்டு பேரும் ஒரே பந்தல்ல குந்தனோம். அவரு எந்தப் பந்தல்ல வந்து குந்தனாரு?"

தங்கை கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்காள் எதிரே உட்கார்ந்து, கீரைக்கட்டில் பாதியைத் தன் பக்கம் இழுத்து ஆய ஆரம்பித்தார். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நின்று பார்த்துவிட்டு, நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்து, பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மனைவிக்குத்தான் அது பெரிய இழப்பு. நான் பழக்கத்தை விட முடியாமல், மழை விட்ட காலைகளில் கட்டைப்பையை எடுத்துக்கொண்டு முற்றம் முற்றமாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கிடைத்ததை ஏரியில் விட்டேன். எவரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள், பெட்ரோல் பங்கின் ஈரத்தரையில் ஒரு முக்குளிப்பான் கிடந்தது. எடுத்ததும் ஏரிக்குப் போகாமல் அவர் வீட்டுக்கு நடந்தேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. கதவு திறந்திருந்தது. அவருக்குக் கண்புரை அறுவை நடந்து, கறுப்புக் கண்ணாடி போட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். தங்கை பக்கத்தில் நின்று சொட்டு மருந்தை மூடிக்கொண்டிருந்தார்.

"யாருடி?"

"அந்த வாத்தியாருக்கா."

"இன்னா எடுத்துகினு வந்துகீறாரு, கேளு."

பையைத் திறந்து காட்டினேன். தங்கை பார்த்துச் சொன்னார். எங்கே கிடைத்தது என்று அக்காள் கேட்கச் சொன்னார். சொன்னேன். பறவையைக் கூடைக்கு மாற்றி, ஆட்டோ கூப்பிடச் சொன்னார்.

ஏரிக்கரையில் அவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். தங்கை கூடையைத் தண்ணீர்ப் பக்கமாகச் சாய்த்து வைத்தார். பறவை கொஞ்ச நேரம் கூடைக்குள்ளேயே இருந்தது. பிறகு வயிற்றால் சறுக்கித் தண்ணீரில் இறங்கி, உடனே முங்கிவிட்டது.

"இன்னாடி தெரியுது?" என்றார் அந்த அம்மாள், தங்கை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி.

"முங்கிச்சு. இன்னும் ஏந்திரிக்கல."

"இப்ப?"

"காணோங்கா."

அந்த அம்மாளின் கை சேலைத் தலைப்பைச் சுருட்டத் தொடங்கியது. எனக்கு இந்தப் பறவைகளை நன்றாகத் தெரியும். எங்கே முங்கினால் எங்கே எழும் என்று பல மழைக்காலங்கள் பார்த்தவன். இடது பக்கம், ஆகாயத்தாமரைக்கு அப்பால், அது எழுந்தது. தலையைச் சிலிர்த்துக்கொண்டது. நான் அதைப் பார்த்தேன்.

"எழுந்துடுச்சும்மா" என்றேன். "ஆகாயத்தாமரைக்கு அந்தப் பக்கம்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "ஆமாவாடி?" என்றார்.

தங்கை கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நான் காட்டிய திசையில் பார்த்தார். அவசரப்படவில்லை. என்னையும் ஒருமுறை பார்த்தார். மறுபடி தண்ணீரைப் பார்த்தார். நானும் அந்த அம்மாளும் காத்திருந்தோம்.

"ஆமாக்கா" என்றார். "கீது."

அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் சிரித்தார்.